சார்ல்ஸ்டன் பக்கத்து நூலகத்தில் தென்மாநிலச் சாப்பாடும் புத்தகமும்: 40 பேருக்கு எப்படி ஏற்பாடு செய்வது?

திண்ணைக்காரி (கேள்வி)

வணக்கம். சவுத் கரோலினாவில் சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு ஊர் நூலகக் கிளையும் எங்கள் தமிழ்க் குழுவும் சேர்ந்து ஜனவரி முதல் வாரத்தில் ஒரு மாலை நடத்துகிறோம். தலைப்பு, அமெரிக்கத் தென்மாநிலங்களின் சரித்திரம், சாப்பாடு, புத்தகம். இரண்டு மணி நேரம், 40 பேர், அதில் பாதிப்பேர் சைவம். கூடத்தில் அடுப்பு கிடையாது, பிளக் பாயின்ட் நாலு இருக்கிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்தப் பதார்த்தம், எவ்வளவு? முன்கூட்டியே 300 பக்கம் படித்துவிட்டு வாருங்கள் என்றால் யாரும் வரமாட்டார்கள், அப்படியானால் எதை வாசிப்பது? அடிமைமுறையைப் பற்றிப் பேசாமல் இந்தச் சமையலைப் பேச முடியாது என்று தெரியும். அதை எங்கே, எப்படிக் கொண்டுவருவது?

பயறுபானை

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். 'தென்மாநிலச் சாப்பாடு' என்று ஒன்று கிடையாது. லூசியானாவின் கம்போக் குழம்பு, மிசிசிப்பி டெல்டா, அப்பலாச்சிய மலைச் சமையல், உங்கள் கடலோர லோகன்ட்ரி, எல்லாம் வேறுவேறு. நாலையும் மேசையில் வைத்தால் கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிடும், எதைப் பற்றியும் பேச முடியாது. நீங்கள் இருப்பது லோகன்ட்ரி. அங்கே அரிசியும் பயறும்தான் ஆதாரம். ஜனவரி முதல் வாரம் என்பதால் ஹாப்பிங் ஜான், அதாவது அரிசியும் காராமணியும் ஒரே பானையில் வேகிற சாதம், அது போதும். புத்தாண்டன்று பயறு காசு, கீரை நோட்டு என்று சொல்லிச் சாப்பிடுகிற வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

அச்சில் வந்த பழைய குறிப்புகளில் முக்கியமானது 1847இல் சார்ல்ஸ்டனில் வெளிவந்த 'தி கரோலினா ஹவுஸ்வைஃப்' நூலில் இருப்பது. எழுதியவர் சாரா ரட்லெட்ஜ். அளவு எளிது: ஒரு பைன்ட் சிவப்புப் பயறு, ஒரு பைன்ட் அரிசி, ஒரு பவுண்டு பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி). பைன்ட் என்றால் 2 அமெரிக்கக் கப். பயறு பாதி வெந்ததும் பேக்கன், நன்றாக வெந்ததும் அரிசி. அந்த அரிசியைக் கழுவிக் 'கல் நீக்கி'ப் போடச் சொல்கிறார். நாம் களைந்து அரிப்பதேதான். கடைசியில் பானையை இறக்கித் தணலில் வைத்துப் புழுங்கவிட வேண்டும், அதாவது தம்.

40 பேருக்கு ஆளுக்கு அரைக் கப் ருசிக்கு என்றால் இதே அளவில் இரண்டு பானை. ஒன்று பேக்கனோடு, ஒன்று சைவம். ஒரு பானைக்கு:

சிவப்புக் காராமணி 2 கப், இரவே ஊறவைத்தது. நம்மூர்க் கடையில் தட்டப்பயறு என்று விற்கிற சின்ன சிவப்புப் பயறே போதும். கறுப்புக் கண் வைத்த வெள்ளைக் காராமணி சீக்கிரம் குழையும், அதை வைத்தால் அரை மணியிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். தண்ணீர் 8 கப். மிதமான தீயில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். பயறு நசுங்க வேண்டும், தோல் பிரியக் கூடாது. உப்பை ஆரம்பத்திலேயே போடலாம், பயறு வேகாது என்பது வெறும் பேச்சு. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளி, வினிகர் எதுவானாலும் கடைசியில்.

இனிமேல்தான் பலருக்குத் தப்புவது. பயறு வெந்த தண்ணீரை வடித்து அளந்துகொள்ளுங்கள். 2 கப் அரிசிக்குப் பயற்றுத் தண்ணீர் மூன்றரை கப் இருந்தால் போதும். கூடுதலாக இருந்தால் எடுத்துவையுங்கள், குறைந்தால் வெந்நீர் சேருங்கள். அளக்காமல் அப்படியே அரிசியைக் கொட்டினால் பயற்றுக் கஞ்சிதான் வரும். அரிசி விழுந்ததும் ஒரே கிளறு, மூடி, சிறுதீயில் 18 நிமிடம், அணைத்து 10 நிமிடம். நடுவில் திறந்து கிளறினால் மாவு வெளியேறி ஒட்டிக்கொள்ளும். அடி அகலமான பாத்திரம் நல்லது. குக்கர் வேண்டாம், பயற்றுக்கு ஒரு விசில் கூடினாலும் தோல் உரிந்துவிடும்.

கரோலினா கோல்டு அரிசி கிடைத்தால் அதுவே. இல்லாவிட்டால் சோனா மசூரி பச்சரிசி. பாசுமதி வேண்டாம், அதன் வாசம் பயறை அமுக்கிவிடும். புழுங்கலரிசியும் வேண்டாம்.

சைவப் பானைக்குப் பேக்கன் தருகிற புகைவாசம்தான் பெரிய குறை. 4 மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி வதக்கி, ஒரு தேக்கரண்டி ஸ்மோக்டு பாப்ரிக்கா (புகையூட்டிய மிளகாய்ப்பொடி), இரண்டு பிரிஞ்சி இலை. திரவப் புகை என்று பாட்டிலில் விற்பதைச் சொட்டுக் கணக்கில்தான் விட வேண்டும், கை தவறினால் மருந்து வாசம்.

மோர்ச்சட்டி

பயறுபானை சொன்னதோடு கார்ன்பிரெட் ஒன்று கட்டாயம் வையுங்கள். 10 அங்குல இரும்பு வாணலி ஒன்றில் 12 துண்டு வரும், 40 பேருக்கு நாலு வாணலி. வீட்டிலேயே செய்து எடுத்துப்போகலாம்.

ஒரு வாணலிக்கு: வெள்ளை மக்காச்சோள மாவு 2 கப், உப்பு 1 தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி, முட்டை 2, பட்டர்மில்க் 2 கப், வெண்ணெய் 4 மேசைக்கரண்டி.

ஓவனை 450 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றும்போதே வெறும் வாணலியையும் உள்ளே வைத்துவிடுங்கள். மாவை ஊற்றினால் தோசைக்கல்லில் விழுவதுபோலச் 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடி மொறுமொறுப்பு வராது, துண்டும் பிய்ந்து வரும். வெண்ணெயை முதலிலேயே வாணலியில் போட்டால் கருகும். ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் உருகவிட்டு, பாதியை மாவில் கலந்து மீதியை வாணலியிலேயே விடுங்கள். 20 முதல் 25 நிமிடம்.

நம்மவர்கள் தப்புவது மூன்று இடத்தில். ஒன்று, கார்ன்ஃப்ளோர் என்று இந்தியக் கடையில் விற்பது ஸ்டார்ச், அது சாஸ் கெட்டியாக்கத்தான். நமக்கு வேண்டியது கார்ன்மீல், ரவைபோல் விரலில் உறுத்துகிற மாவு. இரண்டு, பொட்டலத்தில் 'செல்ஃப் ரைசிங்' என்று போட்டிருந்தால் சோடாவும் உப்பும் உள்ளேயே இருக்கின்றன. மறுபடி போட்டால் பொங்கி நடுவில் அமுங்கும், நாக்கில் சோப்பு வாசம் அடிக்கும். மூன்று, நம் நீர்மோர் பட்டர்மில்க் ஆகாது. இங்கே விற்பது கெட்டியானது. இல்லாவிட்டால் புளித்த தயிர் ஒன்றரை கப், தண்ணீர் அரைக் கப் அடித்துச் சேருங்கள். நீர்மோர் ஊற்றினால் புளிப்பு போதாமல் சோடா வேலை செய்யாது.

சர்க்கரை போடலாமா என்ற சண்டை வரும். வெள்ளை மாவுக்காரர்கள் போடமாட்டார்கள். நான் அவர்கள் கட்சி, ஆனால் நாற்பது பேர் கூடுகிற இடத்தில் தேன் ஒரு கிண்ணம் பக்கத்தில் வைத்துவிட்டால் சண்டை முடிந்தது.

முட்டை இருக்கிறது என்று அட்டையில் எழுதிவையுங்கள். நம் சைவக்காரர்கள் பாதிப்பேர் அதைத் தொடமாட்டார்கள்.

ஏடு_புரட்டி

புத்தகத்துக்கு வருகிறேன். நாவல் வேண்டாம். இரண்டு பழைய சமையல் நூல்களிலிருந்து ஆளுக்கு ஒரு பக்கம் வாசியுங்கள். இரண்டும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அச்சிட்டுக் கொடுக்கலாம்.

முதலாவது பயறுபானை சொன்ன 1847 நூல். அதன் முகப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது, 'சார்ல்ஸ்டனைச் சேர்ந்த ஒரு சீமாட்டி' என்றுதான் இருக்கும். சாரா ரட்லெட்ஜின் தந்தை எட்வர்ட் ரட்லெட்ஜ் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அந்த மாதிரி வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் அடிமைகள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

இரண்டாவது 1881இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெளிவந்தது: 'வாட் மிசஸ் ஃபிஷர் நோஸ் அபௌட் ஓல்டு சதர்ன் குக்கிங்'. அப்பி ஃபிஷர் சவுத் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர், அலபாமாவின் மொபைலிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது, அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 35 வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவம் என்று முன்னுரையில் சொல்கிறார்.

கூட்டத்தில் காட்ட வேண்டியது அந்தக் காதால் கேட்ட எழுத்தைத்தான். ஜம்பாலயா என்ற லூசியானா அரிசிச் சாதம் 'ஜம்பர்லி' என்று இருக்கிறது. சக்கோடாஷ், அதாவது சோளமும் பயறும் சேர்ந்த பதார்த்தம், 'சர்க்கிட் ஹாஷ்' ஆகிவிட்டது. எழுதினவர்களுக்கு அந்தச் சாப்பாடு பழக்கமில்லை, காதில் விழுந்ததை எழுதினார்கள். 'பாட்டி சொல்ல நீங்கள் குறிப்பெடுத்தால் எந்த வார்த்தையில் தடுக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் தானாகப் போகும்.

சரித்திரத்தைத் தனியாகப் பத்து நிமிட உரையாக வைக்காதீர்கள். சாப்பாடு வருகிற இடத்தில் வரட்டும். அரிசியைத் தட்டில் போடும்போது: 1600களின் கடைசியில் கரோலினாவில் நெல் ஊன்றியது, ஆற்றின் ஏற்றவற்றம் பார்த்து நீர் விட்டு அடைக்கிற வயல்களை வெட்டியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். நெல் தெரிந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் கடற்கரையை, நார்த் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரை, 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. பேச்சோடு பேச்சாகக் கம்போ என்ற பெயர் வெண்டைக்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததைச் சொல்லலாம். எள்ளுக்கு அங்கே 'பென்னே' என்று பெயர், அதுவும் அடிமைக் கப்பல்களில் வந்ததுதான்.

முடிந்தால் உள்ளூர் கல்லா கீச்சிக்காரர் ஒருவரை அழையுங்கள். அழைத்தால் பேச்சாளருக்குரிய ஊதியம் கொடுங்கள். 'உங்கள் பண்பாட்டைப் பகிருங்கள்' என்று சும்மா கூப்பிடுவது சரியில்லை.

பந்திவிசாரிப்பு

எல்லாம் நல்லாயிருக்கு. ஆனால் அடுப்பில்லாத கூடம் என்பதை யாரும் கவனிக்கலையே. சூடான சாதம் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கணும், வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துடணும். சமைத்த அரிசியில் வளர்கிற கிருமி உண்டாக்குற விஷம் மறுபடி சுடவைச்சாலும் போகாது.

அதனால் பானை நேரா வீட்டு அடுப்பிலிருந்து ஸ்லோ குக்கருக்குள் கொதிக்கக் கொதிக்க விழணும், அங்கே போய் 'வார்ம்'. ஆறினதை அதில் போட்டுச் சூடாக்காதீங்க, அந்தச் சூடு போதாது. ஒரு ஸ்லோ குக்கர் சுமார் 250 வாட்தான் இழுக்கும், மூணு ஒரே லைனில் ஓடும். டீக்கு வைக்கிற மின்கெட்டில் 1500 வாட். 15 ஆம்பியர் லைன் தாங்குறது 1800. நாலு பிளக்கும் பெரும்பாலும் ஒரே லைனில்தான் இருக்கும், கெட்டிலைப் போட்டதும் மொத்தமும் அணையும். வெந்நீரைப் பிளாஸ்க்கில் கொண்டுபோங்க.

ரொம்ப நேரம் வார்மில் வைத்தால் அடியில் பிடிக்கும். எடுத்து வைத்த பயற்றுத் தண்ணீரை அரைக் கப் கொதிக்கவைத்து ஓரமா விடுங்க.

பென்னே பிஸ்கட் வாங்கினால் எள் என்று பெரிசா எழுதணும். 2023 ஜனவரி 1 முதல் எள் அமெரிக்கச் சட்டப்படி பொட்டலத்தில் சொல்லவேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள். வீட்டில் சமைத்ததைப் பொதுக்கூட்டத்தில் பரிமாற அந்த நூலகம் விடுமா என்று முன்னாடியே எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க.

திண்ணைக்காரி

நன்றி. எள்ளும் கெட்டிலும் யோசிக்கவே இல்லை. இரண்டு சந்தேகம். 'கன்ட்ரி கேப்டன்' என்று மதராஸ் பக்கத்துக் கறி ஒன்று சார்ல்ஸ்டனில் உண்டு என்கிறார்கள், நம்மவர்களுக்குப் பிடிக்குமே? இன்னொன்று, கொறிக்க ஏதாவது வேண்டும்.

ஏடு_புரட்டி

கன்ட்ரி கேப்டன் ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கோழிக்கறி, அது உண்மை. அமெரிக்காவில் 1857இலேயே எலைசா லெஸ்லி சமையல் நூலில் இருக்கிறது, சிப்பாய்ப் படைத் தலைவன் என்று பெயருக்கு விளக்கமும் தருகிறார். கப்பல் கேப்டன் ஒருவர் சவன்னாவுக்கோ சார்ல்ஸ்டனுக்கோ கொண்டுவந்தார் என்பது கதை. அதைப் பலகையில் எழுதாதீர்கள். இந்தக் கூட்டத்துக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். கோழி வந்தால் சைவ வரிசை தனி, பேச்சும் நம் மிளகாய்த்தூள் பக்கம் திரும்பிவிடும்.

பயறுபானை

கொறிக்க அவித்த வேர்க்கடலை. சவுத் கரோலினா 2006இல் அதையே மாநிலத்தின் அதிகாரபூர்வக் கொறிப்பாக அறிவித்தது. நாம் கடித்தால் கொஞ்சம் நறுக்கென்று இருக்கும்போதே இறக்குவோம். அங்கே பயறுபோல மெத்தென்று ஆகும்வரை.

பச்சைக் கடலை ஜனவரியில் கிடைக்காது. ஓட்டோடு காயவைத்த, வறுக்காத கடலை 3 கிலோ வாங்கி இரவே ஊறவிடுங்கள். மிதக்கும், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துக் கனம் வையுங்கள். கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீர், 100 கிராம் கல்லுப்பு, 5 மணி நேரத்துக்குக் குறையாமல். உப்பு நன்றாக ஏறுவது அணைத்து அதே தண்ணீரில் ஆறும்போதுதான். சூடாக வடித்துவிட்டால் ஓட்டில் உப்பு, உள்ளே சப்பென்று இருக்கும். வறுத்த கடலையை எத்தனை மணி நேரம் அவித்தாலும் மெத்தென்று வராது.

கடலை ஒவ்வாமைக்காரர்கள் இருப்பார்கள், வாசலோரம் தனி மேசையில் வையுங்கள். ஓடு போட ஒரு வாளி.