உபுண்டுவுக்குத் திரும்புதல்: யூனிட்டியும் தமிழ்99-உம்

கேள்வி: இவ்வாண்டு பணி ஓய்வு பெற்றதும், மேற்படிப்புக்காக வெளியூர் சென்ற மகள் விட்டுச்சென்ற மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளத்தின் 24.04 பதிப்பை நிறுவினேன். முன்பு 12.04-இல் பழகிய யூனிட்டி முகப்பைக் காணவில்லையே? தமிழ்99 விசைப்பலகையை எவ்வாறு சேர்ப்பது?

மறுமொழி 1: ஓய்வுக்கால வாழ்த்துகள், ஐயா. 2017 அக்டோபரில் வெளிவந்த 17.10 பதிப்பிலேயே யூனிட்டியை விட்டுக் க்னோம் என்ற வேறொரு முகப்புக்கு மாறிவிட்டார்கள். ஆயினும் இடப்பக்கப் பட்டை இருப்பதால் கை அதிகம் தடுமாறாது.

மறுமொழி 2: பல மொழி விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தபின், அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று தமிழ்99-ஐச் சேர்க்கலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால் (அக்காலத்தில் யாரிடம்தான் இல்லை!), அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளாகவே தெரியும் என்பதால், முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 3: யூனிட்டியேதான் வேண்டுமெனில் உபுண்டு யூனிட்டி என்ற தனிப் பதிப்பு உண்டு, எனினும் நெடுநாள் கழித்துத் திரும்புபவருக்கு முதன்மைப் பதிப்பே மேல் என்பேன்.