பர்ட்டனில் பப் நடத்திய குடும்பம்: தேட உதவுங்கள்

வணக்கம். என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டாஃபர்ட்ஷயரில், பீருக்குப் பெயர்போன பர்ட்டன் அபான் டிரென்டில் ஒரு பப் நடத்தினாராம். பெயர் ரெட் லயன் என்கிறார் மாமியார். சரிதான், இங்கிலாந்தில் ரெட் லயன் இல்லாத ஊர் எது!

கையில் இருப்பது பழுப்பேறிய ஒரே ஒரு போட்டோ. ஏப்ரன் கட்டிய ஒருவர் வாசலில் நிற்கிறார், உரிமம் வைத்திருப்பவர் பெயரைக் கதவுக்கு மேலே எழுதியிருப்பார்களே, அந்தப் பலகை பாதியில் வெட்டுப்பட்டுக் கடைசி மூன்று எழுத்துதான் தெரிகிறது.

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் 'பீர்ஹவுஸ் கீப்பர்' (பீர் மட்டும் விற்கும் கடைக்காரர்) என்று இருக்கிறது, முகவரியில் தெருப் பெயர் மட்டும்தான். அதனால்தான் சந்தேகம்: 1830 பீர்க்கடைச் சட்டம் வந்ததும் இரண்டு கினி (அந்தக்கால ஆங்கிலேயப் பணம்) உரிமக் கட்டணம் கட்டி வீட்டு முன்னறையிலேயே பீர் விற்க ஆரம்பித்தார்களே, அப்படித் தொடங்கிய கடையாக இருக்குமோ? 1911இல் ஆளையே காணோம். 1931 கணக்கெடுப்பு தீயில் போய்விட்டது, மிச்சம் 1921 கணக்கெடுப்பும், போர் தொடங்கியதும் மக்கள் விவரம் எடுத்த 1939 பதிவேடும்தான், அவற்றை இன்னும் பார்க்கவில்லை.

1872 மதுபான உரிமச் சட்டத்துக்குப் பிறகு பப் உரிமங்களுக்குப் பதிவேடு வைத்தார்கள் அல்லவா, உரிமம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பது அதில் கிடைக்கலாம். ஸ்டாஃபர்டில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்த மாதிரிப் பதிவேடு பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? தெருப் பெயர் வைத்துத் தேட முடியுமா, இல்லை பப் பெயர் தெரிந்தே ஆகவேண்டுமா? அப்புறம், பழைய கெல்லி டைரக்டரிகளில் (ஊர்வாரியாகக் கடைக்காரர்கள் பெயர் போடும் புத்தகங்கள்) பெயரில்லாத பீர்க்கடைகளையும் போடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாமியாருக்கு வயது 84, சீக்கிரம் கண்டுபிடித்துக் காட்ட ஆசை.