ஆடு பிடிக்கும் சிறுத்தைக்கு ஸ்பிரிங் சுருக்கு: எந்தக் கம்பி, எந்த ஸ்பிரிங்? உதவி வேணும்

கீழ் கோத்தகிரி தோட்டக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கீழ் கோத்தகிரி பக்கம் எங்க தோட்டம். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் மேரக்காய், மிச்சம் ஆடு. பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடக்கிற மாசத்துல வீட்டுச் செலவை ஆடுதான் தாங்குது. போன மாசம் ராத்திரியில ஒரு கிடா போச்சு. இந்த வாரம் ஒரு பெட்டையும் ஒரு குட்டியும் செத்துப்போச்சு, இன்னும் மூணு கடிபட்டுக் கிடக்கு. சிறுத்தைதான். ரோட்டைக் கடக்கிறதை ஊர்ல நிறைய பேர் பார்த்திருக்காங்க.

வெளிநாட்டுக்காரங்க வீடியோ ஒண்ணுல ஸ்பிரிங் வச்ச சுருக்கு பார்த்தேன். மிருகம் மிதிச்ச நிமிஷமே ஸ்பிரிங் கம்பியைத் தூக்கி இறுக்கிடுது. இதுல காலைப் பிடிக்கிறதை வாங்கணுமா, கழுத்தைப் பிடிக்கிறதா? கம்பி எவ்வளவு கனம் இருக்கணும்? ஸ்பிரிங் இங்கேயே கிடைக்குமா? பக்கத்துல ஒருத்தர் பைக் கிளட்ச் வயர்லயே கட்டித் தர்றேங்கிறார். கொல்லணும்னு எனக்கு எண்ணம் இல்லை. பிடிச்சு வனத்துறைகிட்ட ஒப்படைச்சா போதும்.

தாண்டிக்குடி காபித் தோட்டம்:

தம்பி, முதல்ல அந்த கிளட்ச் வயர்க்காரரை வீட்டுக்கே சேர்க்காதீங்க. எங்க பழனி மலையிலயும் பன்றிக்குன்னு வேலியோரம் கம்பி கட்டுறவங்க இருக்காங்க. பன்றிக்குக் கட்டினதுல கடமான் மாட்டும், நாய் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். கம்பிக்கு ஆள் தெரியாது. ஆடு போன வேதனை எனக்கும் தெரியும், நானும் ஆடு வளர்க்கிறவன்தான். விவரமா நாளைக்கு எழுதுறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், குன்னூர்:

நீங்கள் பார்த்த பொருள் எது என்று எனக்குத் தெரியும், அதனால் நேராகவே சொல்கிறேன். அதில் இரண்டு வகை உண்டு. கழுத்துக்கு வைப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓநாய், அதைவிடச் சின்னதான கொயோட் போன்றவற்றுக்கு உரிமம் பெற்ற பொறிக்காரர்கள் வைப்பது. அதில் ஸ்பிரிங்கின் வேலையே கழுத்தைச் சீக்கிரம் நெரிப்பதுதான். பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்கிற உங்கள் எண்ணத்துக்கு அது நேர் எதிர்.

காலுக்கு வைப்பது கரடிகளுக்காக அமெரிக்காவில் வந்தது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் புலிகளுக்கு ரேடியோ காலர் மாட்ட ஆராய்ச்சியாளர்கள் 1990களில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். வீடியோவில் தெரிவது ஸ்பிரிங்கும் கம்பியும் மட்டும். தெரியாதது நிறைய. சுருக்கு ஒரு அளவுக்கு மேல் இறுகாமல் நிறுத்தும் தடை வேண்டும், இல்லாவிட்டால் பாதத்துக்கு ரத்தம் போகாது. மிருகம் சுழலும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுழலி வேண்டும். பாய்ந்து இழுக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடாமல் இருக்க, அதிர்ச்சியை வாங்க இன்னொரு ஸ்பிரிங் வேண்டும். சுற்றிலும் கல், கட்டை, வேலி எதுவும் எட்டக்கூடாது. சுருக்கு விழுந்ததும் தகவல் கொடுக்கும் டிரான்ஸ்மிட்டர் இருக்க வேண்டும், மயக்க ஊசியோடு ஒரு குழு பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். இத்தனை இருந்தும் காயம் ஆனதுண்டு.

இந்தக் குழு இல்லாமல் ஒரு சிறுத்தை ராத்திரி பூராவும் கம்பியில் போராடினால், தசை சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வெளியே ஒரு கீறல் தெரியாது. அவிழ்த்துவிட்ட பிறகும் சில நாளில் செத்துப்போகும். கிளட்ச் வயர் இன்னும் மோசம். சிறுத்தை பாதி உடம்பு நுழைந்த பிறகுதான் அது இறுகும். இடுப்பில் இறுகி, இழுக்க இழுக்க வயிற்றை அறுக்கும். அப்படி வந்த உடலைப் பிரேதப் பரிசோதனை மேஜையில் பார்த்தவன் நான். இன்னொருத்தர் கட்டுவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது என் கேள்வி. உங்கள் ஆடுகளைப் பிடித்தது சிறுத்தைதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கடி எங்கே இருந்தது? ராத்திரியா, பகலா? தின்றிருந்ததா, கடித்துப் போட்டிருந்ததா? கால்தடத்தில் நகம் பதிந்திருந்ததா?

ஊட்டி வழக்கறிஞர்:

மருத்துவர் ஐயா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதில் சுருக்கு வைப்பதும் பொறி வைப்பதும் அடக்கம், அதற்கான முயற்சியும் அடக்கம். மிருகம் மாட்டவே இல்லை என்றாலும் வழக்கு உண்டு. சிறுத்தை, அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "பிடித்து ஒப்படைக்கத்தான் வைத்தேன்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது. கூண்டு வைப்பதற்கு வனத்துறையே தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வாங்க வேண்டும்.

2023 செப்டம்பரில் அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தது நினைவிருக்கும். மாட்டைப் புலி அடித்த கோபத்தில் செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்து வைத்ததாக ஒரு விவசாயி கைதானார். மாடும் போய், ஆளும் உள்ளே. அந்த நிலைமை உங்களுக்கு வர வேண்டாம்.

பந்தலூர் அக்கா:

சட்டம் பேசுறது சரிதான் சார். ஆனா தம்பி ஏன் இங்க வந்து கேக்குறார்னும் பாருங்க. எங்க பக்கத்து வீட்டுல மாடு அடிபட்டப்ப ஆபீசுக்குப் போன் பண்ணி, ஆள் வந்து பாக்குறதுக்குள்ள பாதி உடம்பை நாய் தின்னு முடிச்சிருச்சு. அப்புறம் சிறுத்தை அடிச்சதுக்கு அத்தாட்சி எங்கேன்னு கேட்டா அந்தப் பொம்பளை என்ன பண்ணுவா? 2024 ஜனவரியில எங்க பந்தலூர்ல ஒரு குழந்தையையே சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு. ஊரே ரோட்டுல உக்காந்துச்சு, அடுத்த நாளே மயக்க ஊசி போட்டுப் பிடிச்சாங்க. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த வேகம் வர்றதில்லை.

அதுக்காகக் கம்பி கட்டச் சொல்லல தம்பி. எங்க எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைங்க விறகுக்குப் போற வழியிலதான் இந்தச் சுருக்கெல்லாம் கெடக்கு. கம்பியில மாட்டி வெறி ஏறுன சிறுத்தைகிட்ட விடியக்காலையில கொழுந்து எடுக்கப் போறவ தெரியாம போயி நின்னா என்ன ஆகும்? அதை மட்டும் யோசிங்க.

கீழ் கோத்தகிரி தோட்டக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. சுருக்கு எண்ணத்தை விட்டுட்டேன், கிளட்ச் வயர்க்காரர்கிட்டயும் வேண்டாம்னு சொல்லியாச்சு. டாக்டர் சார், நீங்க கேட்டதுக்குப் பதில்.

கிடா போனது ராத்திரி. கொட்டகைக்கு மேல தார்ப்பாய்தான் போட்டிருந்தேன், அது கிழிஞ்சு கிடந்தது. சத்தமே கேக்கல. காலையில தேயிலைக்கு நடுவுல இழுத்துட்டுப் போன தடம். கீழே சில்வர் ஓக் மரத்தடியில பாதி உடம்பு, பக்கத்துல கொத்துக் கொத்தா முடி. தொண்டையில ஆழமா ஓட்டை.

இந்த வாரம் நடந்தது பகல்ல, மத்தியானம் மேய விட்டிருந்தப்போ. பெட்டையாட்டுக்குத் தொடையெல்லாம் கிழிஞ்சு தொங்குச்சு. குட்டிக்குக் காது பிஞ்சிருந்தது. எதையும் தின்னல. கடிபட்ட மூணுக்கும் பின்னங்கால்லயும் வாலடியிலயும்தான் கடி. ஈர மண்ணுல தடம் இருந்தது, நகம் பதிஞ்ச மாதிரிதான் தெரிஞ்சது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், குன்னூர்:

நல்லவேளை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள். இது இரண்டு தனித்தனி விஷயம்.

கிடாவை அடித்தது சிறுத்தை. தொண்டைக் கடி, சத்தமில்லாமல் முடித்தது, மறைவுக்கு இழுத்துப் போனது, தின்பதற்கு முன் முடியைப் பிய்த்துப் போட்டது எல்லாம் அதன் வேலை. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், தடத்தில் பெரும்பாலும் நகம் விழாது.

பகலில் நடந்தது நாய். செந்நாய் என்றால் பின்பக்கம் கடித்தாலும் கொன்றதைக் கூட்டமாக நின்று மளமளவென்று தின்றுவிட்டுத்தான் போகும். தொடையைக் கிழித்து, காதைப் பிய்த்து, தின்னாமல் போவது ஊர் நாய்க் கூட்டம். நீங்கள் சுருக்கு வைத்திருந்தால் சிறுத்தை மாட்டியிருக்கும், உங்கள் ஆடுகள் பகலில் செத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இப்போது அவசரமானது வேறு. கடிபட்ட மூன்று ஆட்டுக்கும் ரேபிஸ் ஆபத்து இருக்கிறது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். 0, 3, 7, 14, 28 என்று நாள் கணக்கு உண்டு, நடுவில் விடக்கூடாது. ஏற்கெனவே வெறுங்கையால் காயம் துடைத்தவர்கள், முக்கியமாகக் கையில் கீறல் இருப்பவர்கள், அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். அந்த ஆடுகளின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம்.

தாண்டிக்குடி காபித் தோட்டம்:

டாக்டர் ஐயா மூலத்தையே பிடிச்சிட்டார். இனி கொட்டகை. தம்பி, தார்ப்பாய் மழைக்குத்தான், சிறுத்தைக்கு அது கதவு. சுவர் எவ்வளவு உயரம் வச்சாலும் மேல திறந்திருந்தா ஏறி இறங்கிடும். அதனால கூரைதான் முதல் செலவு. தகரம் போட்டாலும் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவுல காத்துக்கு விடுற இடைவெளி இருக்கு பாருங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. அங்கயும் வெல்டு மெஷ், அதாவது பற்றவச்ச கம்பி வலை, அடிங்க. ஆணியை மடிச்சு விடாம, மரச்சட்டத்துல வாஷர் போட்டு ஸ்க்ரூ போடுங்க. பரண் தளமா இருந்தா அடிப்பக்கம் நாலு புறமும் அடைக்கணும். பலகை இடுக்கு வழியா காலைப் பிடிச்சு இழுக்கிறது உண்டு. கதவுக்குக் கீழே ஒரு கை நுழையிற சந்துகூட இருக்கக்கூடாது. கொண்டியை மேலயும் கீழயும் ரெண்டு போடுங்க.

கொட்டகையைச் சுத்தி உண்ணிச்செடி மண்டிக் கிடந்தா வெட்டிடுங்க, பதுங்க இடம் இருக்காது. இன்னொண்ணு, கோழிக்கடைக் கழிவை உங்க பக்கம் சரிவுல யாராவது கொட்டுறாங்களான்னு பாருங்க. அது நாயை வரவழைக்கும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். உங்க ரெண்டு தொல்லைக்கும் அது ஒரே வேரா இருக்கலாம்.

சிறுத்தையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டா தீர்ந்துடும்னு நினைக்காதீங்க. மகாராஷ்டிராவுல ஜுன்னார் பக்கம் 2001 முதல் நிறைய சிறுத்தையைப் பிடிச்சு வேற காட்டுல விட்டாங்க. அதுக்கப்புறம் ஆளைத் தாக்குறது கூடித்தான் போச்சு.

ஊட்டி வழக்கறிஞர்:

நாய்களுக்கும் விஷமோ சுருக்கோ வேண்டாம், அதுவும் குற்றம்தான். 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை, தடுப்பூசி இரண்டும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. கழிவு கொட்டுவதையும் சேர்த்து எழுத்தில் மனுக் கொடுங்கள், நகலில் ரசீது முத்திரை வாங்குங்கள். அடுத்த முறை சிறுத்தை ஆட்டை அடித்தால் உடலை நகர்த்தாமல், கடித்த இடத்தையும் தடத்தையும் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கால்நடை மருத்துவரின் சான்று இருந்தால் நிவாரண மனு நிற்கும். நாய் அடித்ததையும் சிறுத்தை கணக்கில் எழுதாதீர்கள், உண்மையான மனுவும் சேர்ந்து கெட்டுவிடும்.

பந்தலூர் அக்கா:

போட்டோவுல தேதியும் நேரமும் வர்ற மாதிரி எடுங்க தம்பி. ஆள் வர்ற வரைக்கும் உடம்பு மேல முள்ளு வெட்டிப் போட்டு வைங்க, நாய் வராது. எங்க பக்கத்து வீட்டுல அது தெரியாமத்தான் எல்லாம் போச்சு.

கீழ் கோத்தகிரி தோட்டக்காரன்:

மூணுக்கும் முதல் ஊசி போட்டாச்சு. காயத்தை வெறுங்கையால கழுவினது எங்க அம்மா, அவங்களையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி தொடங்கிட்டோம். டாக்டர் சார் கேட்காம விட்டிருந்தா எனக்கு இது தோணியே இருக்காது. கோழிக்கழிவு விஷயம் உண்மைதான் அண்ணா, வளைவுக்குக் கீழே கொட்டுறாங்க. மனு எழுதிட்டு இருக்கேன். கடைசியா ஒண்ணு: மெஷ்ல கண் எவ்வளவு பெருசு வாங்கட்டும்? கடையில செயின் லிங்க் விலை குறைவுங்கிறாங்க.

தாண்டிக்குடி காபித் தோட்டம்:

செயின் லிங்க் கொட்டகைக்கு வேண்டாம், ஒரு இடத்துல பிரிஞ்சா வரிசையா பிரிஞ்சுடும். வெல்டு மெஷ்ல ரெண்டு இஞ்சு கண்ணுக்கு மேல போகாதீங்க, கம்பி கையால வளையாத கனம் இருக்கட்டும். நம்ம மலை ஈரத்துக்கு கால்வனைஸ் பண்ணினதா பார்த்து வாங்குங்க. மொத்தமா முடியலைன்னா இந்த வாரம் கூரையும் இடைவெளியும், அடுத்த மாசம் பக்கவாட்டு. வேலை முடியிற வரைக்கும் ராத்திரி ஆட்டை வீட்டுத் திண்ணை அறையில அடைங்க, பகல்ல ஆள் இல்லாம மேய விடாதீங்க.