நிலத்தை ஒத்திக்கு விட்டுட்டு ஒரு வருசம் வண்டியில சுத்தப் போகலாமா?

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எனக்குப் பன்னெண்டு மா (சுமாரா நாலு ஏக்கர்) நிலம், தனிப்பட்டா. போர்வெல் இல்ல, மேட்டூர் தண்ணியை நம்பிதான். கடன் முடிஞ்ச பொலிரோ ஒண்ணு இருக்கு. வர்ற மாசியில நானும் மனைவியும் கிளம்பி ஒரு வருசம் இந்தியா முழுக்க, அப்புறம் நேபாளம், பூட்டான், முடிஞ்சா கஜகஸ்தான் வரைக்கும் தரைவழியாவே போகணும்னு ஆசை. சேமிப்பு ஒன்றரை லட்சம். பக்கத்து வயக்காரர் மூணு வருச ஒத்திக்கு எட்டு லட்சம் தர்றேன்னு சொல்றார், வட்டிக்குப் பதிலா நிலத்தை அவர் பயிர் வச்சுக்குவார். வயசு முப்பத்திநாலு. பிள்ளை குட்டின்னு ஆயிட்டா இந்த மாதிரி கிளம்ப முடியாது. அப்பா ஒரே பிடியா வேண்டாங்கிறார். வண்டியில நெடுநாள் போனவங்க, நிலம் நீச்சு தெரிஞ்சவங்க ரெண்டு பேருமே சொல்லுங்க.

பாபநாசம் கணக்கர்:
தம்பி, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. ஒத்தி என்பது கடன். மூன்று வருடம் கழித்து எட்டு லட்சத்தையும் மொத்தமாகக் கொடுத்தால்தான் நிலம் திரும்பும். பயணத்தில் செலவழித்த பணம் எங்கிருந்து வரும்? நிலமும் கையில் இல்லை, விளைச்சலும் இல்லை. ஒத்தியை மீட்க முடியாமல் கடைசியில் அவருக்கே கிரயம் எழுதிக் கொடுத்த குடும்பங்களை எங்கள் வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாகை லோடு:
ஐயா மன்னிக்கணும், இதுல நான் ஒத்துப்போக மாட்டேன். கணக்கா போடுவோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டா மாவுக்கு வருசம் நாலு மூட்டைன்னு வைங்க. பன்னெண்டு மாவுக்கு 48 மூட்டை, அறுபது கிலோ மூட்டைன்னா 28.8 குவிண்டால். அரசு கொள்முதல் நிலையத்துல பொது ரக நெல்லைக் குவிண்டால் 2500 ரூபாய் விலைக்குப் போட்டா 72,000. ஆக எட்டு லட்சம் வாங்குறதுக்காக இவரு விடுறது வருசம் 72,000. நூத்துக்கு ஒம்பது வட்டி. நகையை வச்சாலும் அதுக்குக் கிட்டத்தட்ட அதே வட்டிதான், ஆனா அங்க மாசாமாசம் வட்டி நினைப்பு, ஏலம் பயம். ஒத்தியில அது கிடையாது. நான் லாரி ஓட்டி நாடு பூரா பார்த்தவன். இந்த வயசுல போகாட்டி அப்புறம் முதுகு விடாது. போயிட்டு வா தம்பி.

பாபநாசம் கணக்கர்:
வட்டியை நான் குறை சொல்லவே இல்லை. முதல் எங்கே என்றுதான் கேட்கிறேன். ஒன்பது வட்டிக்கு வாங்கிய பணத்தில் டிராக்டர் வாங்கினால் டிராக்டராவது நிற்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போவது என்றே முடிவெடுத்தாலும் வெற்றுத்தாளில், ஊர்ப் பெரியவர் முன்னால் கையெழுத்து என்று முடித்துவிடாதீர்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி என்றால் பத்திரப் பதிவு கட்டாயம், 1882 சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒத்திக்கு எடுப்பவர் தானே உழுவாரா, வேறு ஆளுக்கு விடுவாரா என்பதும் பத்திரத்தில் வர வேண்டும். நம் பக்கம் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. உழுகிறவனை நினைத்தபோது இறக்கிவிட முடியாது, இறக்கவும் கூடாது. நீங்கள் திரும்பி வரும்போது வயலில் யார் நிற்கிறார் என்பது இன்றைக்கே தெரிய வேண்டும்.

கூத்தாநல்லூரான்:
ஒத்தி விஷயம் பெரியவங்க பேசட்டும். கஜகஸ்தான் பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா செலவு அங்கதான் ஒளிஞ்சு கிடக்கு. தம்பி, மேப்புல பார்த்தா தரைவழி இருக்கு. நடைமுறையில இல்ல. பாகிஸ்தான் பக்கம் போற அட்டாரி எல்லையை 2025 ஏப்ரல்ல மூடினாங்க. மியான்மர்ல 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் நம்பி வண்டியை இறக்க முடியாது. சீனாவுக்குள்ள வெளிநாட்டு வண்டி போகணும்னா ஏஜென்சி வழியா அனுமதி, அந்த ஊர் தற்காலிக லைசென்ஸ், முழு வழியும் கூடவே ஒரு வழிகாட்டி. அவருக்குச் சாப்பாடு, தங்குறது, சம்பளம் எல்லாம் நம்ம தலையில. இல்லன்னா வண்டியைக் கண்டெய்னர்ல ஏத்தி வளைகுடாவுக்கு அனுப்பி அங்கிருந்து ஓட்டணும்.

இந்த மாதிரி நெடுந்தூர வழிக்குப் பெரும்பாலும் கார்னெட்னு ஒரு சுங்க ஆவணம் தேவைப்படும். வண்டியை அந்த நாட்டுல வித்துட மாட்டேன், திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்னு உத்தரவாதம். ஒரு வருசம்தான் செல்லும். அதுக்கு வங்கி உத்தரவாதம் கட்டணும், போற நாட்டைப் பொறுத்து அது வண்டி மதிப்பையே தாண்டிடும். ஒவ்வொரு எல்லையிலயும் உள்ள வர்ற சீல், வெளிய போற சீல் ரெண்டும் விழுந்து, வண்டி இந்தியா திரும்பினப்புறம்தான் அந்தப் பணம் விடுபடும். அதாவது செலவு ஆகாத பணம், ஆனா ஒரு வருசம் தொட முடியாத பணம். உங்க எட்டு லட்சத்துல பெரிய பங்கு இதுலயே முடங்கிடும். கப்பல் கூலியும் சேர்ந்தா வழிச்செலவுக்கு என்ன மிஞ்சும்?

நேபாளத்துக்கு இந்தத் தொல்லை இல்ல. எல்லையில நாள் கணக்குக்குப் பணம் கட்டிட்டு ஓட்டலாம். பூட்டான்ல இந்தியருக்கு ஆளுக்கு ராத்திரிக்கு 1200 ரூபாய் கட்டணம். ரெண்டு பேர் பத்து ராத்திரின்னா அதுவே 24,000. இன்சூரன்ஸ்ல நேபாளம், பூட்டானுக்கு எல்லை நீட்டிப்பு தனியா கேட்டு வாங்கணும், தானா வராது.

வெண்ணாத்தங்கரை:
அண்ணே, கார்னெட் பணம் இவ்வளவு முடங்கும்னு தெரியாது. சரி, கஜகஸ்தானை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். ஆனா வெளிநாட்டுக்காரங்க வருசக்கணக்கா வேனுல போறாங்களே, போற இடத்துல பழம் பறிக்கிறது, ஹோட்டல்ல வேலைன்னு பார்த்துக்கிட்டே. நம்மளால முடியாதா?

கூத்தாநல்லூரான்:
அவங்க பாஸ்போர்ட்டுக்கு அந்த விசா கிடைக்குது. ஊர்ல வீட்டை வாடகைக்கு விட்டா அவங்க பணத்துக்கு இங்க மாசம் ஓடும். நமக்கு ஆஸ்திரேலியா 2024ல இருந்துதான் வேலையோட சுத்துற விசா தருது. வருசம் ஆயிரம் பேருக்கு, குலுக்கல்ல, வயசு பதினெட்டுல இருந்து முப்பது. உங்களுக்கு வயசு தாண்டிடுச்சு. சுற்றுலா விசாவுல வேலை பார்த்து மாட்டினா அடுத்த பயணமும் போச்சு. அந்த யோசனையை விட்டுடுங்க.

ஓம்னி செல்வி:
தம்பி, நானும் எங்க வீட்டுக்காரரும் பழைய ஓம்னியில பின்சீட்டைக் கழட்டி, படுக்கை போட்டு வருசத்துக்குச் சில மாசம் வெளியிலதான் இருக்கோம். கும்பகோணத்துல சில கடைகளுக்கு நான் டாலி கணக்கு, ஜிஎஸ்டி பார்க்கிறேன். ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் பண்ண மாசம் 11ந்தேதியும் 20ந்தேதியும் சிக்னல் இருக்குற ஊர்ல வண்டி நின்னாகணும், மத்த நாள் எங்க விருப்பம். அந்த வருமானம்தான் எங்களை ஓட்டுது. உங்க மனைவிக்கோ உங்களுக்கோ அப்படிக் கையில கொண்டு போற வேலை எதாவது இருக்கான்னு முதல்ல பாருங்க. எட்டு லட்சத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.

எல்லாரும் வருசத்துக்கு எவ்வளவுன்னு கேட்குறாங்க. கேட்க வேண்டியது கிலோமீட்டருக்கு எவ்வளவுன்னு. பொலிரோ லிட்டருக்குப் பன்னெண்டு கொடுக்கும்னு வைங்க, டீசல் கணக்குக்கு நூறு ரூபாய். மாசம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டினா நாப்பதாயிரத்துக்கு மேல டீசலுக்கே. அதே மாசம் ஆயிரத்து ஐநூறு ஓட்டினா 12,500. ஒரு ஊர்ல பத்து நாள் தங்கினா டீசல் செலவே இல்ல, ஊரும் பிடிபடும். அஞ்சு கிலோ சிலிண்டர்ல நானே சமைக்கிறேன், அரிசி பருப்பு இங்கிருந்தே போகுது. வடக்கே குருத்வாராவுல தங்கவும் சாப்பிடவும் பணம் கேட்க மாட்டாங்க. உண்டியல்ல நம்மால ஆனதைப் போட்டுட்டு, பாத்திரம் கழுவ உட்காரணும். அது மரியாதை. தேசிய நெடுஞ்சாலைக்கு ஃபாஸ்டேக் வருசப் பாஸ் இருக்கு, 2025ல 3000 ரூபாயா இருந்துச்சு, இருநூறு தடவை. மாநில சாலை சுங்கத்துக்கு அது செல்லாது.

ரெண்டு பேருக்கு மாசம் முப்பதாயிரத்துல நிம்மதியா ஓட்டலாம். இன்னும் இறுக்கவும் முடியும், ஆனா இறுக்கி இறுக்கி சண்டை போட்டுக்கிட்டே போறதுக்கு வீட்டுலயே இருக்கலாம்.

பட்டுக்கோட்டை தென்னை:
நான் சொல்றது கொஞ்சம் கடுமையா இருக்கும். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா அடிச்சப்ப எங்க தோப்புல ஒரு ராத்திரியில எல்லா மரமும் சாஞ்சுது. புதுக் கன்னு வச்சு காய் பார்க்க ஆறேழு வருசம். அந்த நேரத்துல எங்களை நிக்க வச்சது ஒரு மா கூட அடமானம் இல்லாத நெல் வயல்தான். வயசாயிடும்னு பயப்படுறீங்க, சரி. நீங்க லடாக்குல இருக்கும்போது இங்க அப்பாவுக்கு ஒண்ணுன்னா எதை வித்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுவீங்க? ஒத்தியில இருக்கிற நிலத்து மேல யாரு பணம் தருவா?

நாகை லோடு:
அண்ணே, புயல் வரும்னு சொல்லி யாருமே ஊரைத் தாண்டக் கூடாதா? டெல்டாக்காரன் தண்ணிக்குக் காத்திருந்தே கிழவனாகிறான். கர்நாடகம் திறக்கணும், மேட்டூர் நிரம்பணும், ஆன்லைன்ல பதிஞ்சு மூட்டையைக் கொள்முதல் நிலையத்து வாசல்ல போட்டு மழையில காக்கணும். அவனுக்குன்னு ஒரு வருசம் கேட்கிறான். அதுவும் தப்பா?

பட்டுக்கோட்டை தென்னை:
போகக் கூடாதுன்னு நான் சொல்லல. நிலத்தைத் தொடாம போகச் சொல்றேன்.

ஓம்னி செல்வி:
ரெண்டு பேரும் ஒரே வருசமா சேர்ந்தாப்புல போறதையே பேசுறீங்க. தம்பிக்குப் போர் இல்ல. தை கடைசியில சம்பா அறுத்துடுவாங்க. அறுப்புக்கு முன்னாடியே ஈரத்துல உளுந்து தெளிச்சுட்டா அதுக்குப் பெரிய வேலை இல்ல, பங்குனியில ஆள் வச்சு எடுத்துடலாம். அடுத்த தண்ணி வழக்கமா மேட்டூர் திறக்குற ஜூன் 12. அந்த இடைவெளியே நாலு மாசம் இருக்கே?

வெண்ணாத்தங்கரை:
அக்கா, அதை யோசிச்சேன். ஆனா மாசியில இருந்து வைகாசி வரைக்கும் தக்காணம், ராஜஸ்தான் எல்லாம் கொளுத்தும். மலைப்பக்கம் போகலாம்னா மணாலி–லே சாலை பனியெல்லாம் எடுத்து நல்லாத் திறக்க மே, ஜூன் ஆயிடும். நான் பார்க்க நினைக்கிற இடம் திறக்கிற நேரத்துல குறுவை (ஜூன்ல வைக்கிற குறுகிய கால நெல்) நாத்துக்கு நிக்கணும்.

பாபநாசம் கணக்கர்:
குறுவையை விட்டுவிடுங்கள் தம்பி. போர் இல்லாதவர் மேட்டூரை மட்டும் நம்பிக் குறுவை வைப்பது எப்படியும் பாதி சூதாட்டம். ஒருபோக சம்பா மட்டும் வையுங்கள். ஆவணியில் நாற்று விட்டால் போதும். மாசியிலிருந்து ஆடி வரை ஏறத்தாழ ஆறு மாதம் உங்களுடையது. ஏப்ரல், மே மாதங்களில் வடகிழக்கும் நேபாளமும், ஜூன், ஜூலையில் இமாச்சலத்து ஸ்பிட்டியும் லடாக்கும். மாதம் முப்பதாயிரம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். கையில் ஒன்றரை இருக்கிறது. சம்பா நெல்லும் உளுந்தும் மீதிக்கு வழி செய்யும். அடுத்த வருடம் மறுபடியும் கிளம்புங்கள். ஒரு எச்சரிக்கை: கூட்டுறவுப் பயிர்க்கடனை வாங்கி அதில் கிளம்பாதீர்கள். குறித்த தேதிக்குக் கட்டினால் வட்டியே இல்லை என்பதால் பலருக்கும் சபலம் வரும். அது பயிருக்கான பணம்.

நாகை லோடு:
இது நல்ல யோசனைதான் ஐயா, ஒத்துக்குறேன். ஆனா ஆறு மாசம் போயிட்டுத் திரும்பி வந்து நாத்து விடுறது வேற, திரும்பி வர்ற தேதியே இல்லாம போறது வேற. நாள் எண்ணிக்கிட்டே போறவன் வழியில ஒரு ஊர் பிடிச்சா தங்க மாட்டான். அந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு. அது எட்டு லட்சமான்னு தம்பிதான் சொல்லணும்.

தம்பி, இன்னொரு வழி. அறுப்பு மிஷின் ஓட்டத் தெரியுமா? சீசனுக்கு இங்க வர்ற மிஷின்ல நிறைய வெளிமாவட்டத்து வண்டிதான், அறுவடை நகர நகர அதுவும் நகரும். ஆபரேட்டருக்கு மணிக் கணக்குல கூலி, சாப்பாடு. போற வழியிலேயே சம்பாதிக்கிற வேலைன்னா அதுவும் ஒண்ணு.

வெண்ணாத்தங்கரை:
டிராக்டர் ஓட்டுவேன், மிஷின் கத்துக்கலாம். மனைவி தையல், ஆரி வேலை செய்வாள். ஆர்டரை வண்டியில இருந்தே முடிச்சு கூரியர்ல அனுப்ப முடியுமான்னு பார்க்கிறோம். யூடியூப் பத்தி யாருமே பேசலையே?

ஓம்னி செல்வி:
ஆயிரம் சப்ஸ்கிரைபர், வருசத்துக்குள்ள நாலாயிரம் மணி நேரம் பார்வை இருந்தாத்தான் விளம்பரப் பணமே ஆரம்பிக்கும். அந்த ஆரம்பப் பணம் ஒரு டயருக்குக் கூடக் காணாது. ஆசைக்கு எடுங்க, பட்ஜெட்டுல எழுதாதீங்க. ஆரி வேலை நல்லா ஓடும், ஆனா துணியை இழுத்துக் கட்டுற மெயின் சட்டம் பெருசு, பொலிரோக்குள்ள நிக்குமான்னு அளந்து பாருங்க. பொலிரோ எந்த வருச வண்டி? பதினஞ்சு வருசம் நெருங்கினா கிளம்புறதுக்கு முன்னாடி ஆர்.சி. புதுப்பிச்சுடுங்க, வெளி மாநிலத்துல மாட்டிக்காதீங்க.

வெண்ணாத்தங்கரை:
2013 வண்டி அக்கா, இன்னும் காலம் இருக்கு. பக்கத்து வயக்காரர் மாசி முதல் தேதிக்குள்ள பதில் கேட்டிருக்கார். பன்னெண்டு மாவையும் விடாம, ரோட்டோரம் இருக்கிற நாலு மாவை மட்டும் ரெண்டு லட்சத்துக்கு ஒத்தி வச்சா என்னன்னு இப்ப தோணுது. அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

பட்டுக்கோட்டை தென்னை:
ரோட்டோர நாலு மாதான் உங்க நிலத்துலயே விலை போறது. அதையா முதல்ல கொடுப்பீங்க? உள்பக்கம் இருக்கிறதைக் கேட்டுப் பாருங்க, அவர் அதுக்கு என்ன சொல்றார்னு இங்க வந்து எழுதுங்க.