அக்ரிலிக் கட்டிக்குள் மாட்டிக்கொண்ட பழைய நாணயங்களை எடுப்பது எப்படி?

கொடுமுடிக்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கோயமுத்தூரில் ஒரு நூல்மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அவர் ஓய்வு பெறும்போது மில்லில் கொடுத்த நினைவுப்பரிசு இது: உள்ளங்கை அகலத்தில், ஒரு அங்குலக் கனத்தில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கட்டி. உள்ளே 1918ஆம் வருடத்து வெள்ளி ரூபாய், 1947 புலி நாலணா, சதுர இரண்டணா, ஓரம் நெளிந்த ஓரணா, ஓட்டைக் காலணா. கீழே அப்புச்சி பெயர் அச்சடித்திருக்கிறது.

அப்புச்சி போய்ச் சேர்ந்தபிறகு வெள்ளி ரூபாய் எனக்குத்தான் என்கிறார் பெரிய மாமா. காலணா எனக்கு வேண்டும். சுத்தியலால் ஒரு போடு போட்டால் சரி என்கிறார் ஒருவர். அடுப்பில் சுட்டால் உருகிவிடும் என்கிறார் இன்னொருவர். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரில் ஊறப்போடச் சொல்கிறாள் தங்கச்சி. காசுக்குக் கீறல் விழாமல் எடுக்க வழி உண்டா?

கணபதிப் பட்டறை:

அம்மிணி, சுத்தியல் பக்கமும் அடுப்புப் பக்கமும் போகவே வேண்டாம். அக்ரிலிக் 105 டிகிரி வாக்கில் இளகும், ஆனால் தண்ணீர் மாதிரி ஓடாது. இன்னும் சூடேற்றினால் தீப்பற்றுகிற ஆவியாகப் பிரியும். காசும் கறுத்துப்போகும்.

நான் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கட்டிகள் அவ்வப்போது வரும். நாணயம் வரும், பேரிங் வரும், ஒருவர் தேள் கொண்டுவந்தார். தேளை எடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முதலில் அது அக்ரிலிக்தானா என்று பாருங்கள். பரிசுக் கடைகளில் அக்ரிலிக் என்று விற்பதில் பல பாலியெஸ்டர் ரெசின் என்கிற வேறு பிளாஸ்டிக்தான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காது குடைகிற பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் பலவற்றில் இருக்கிற திரவம்) தொட்டு, அடிப்பக்கத்து மூலையில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுத்து விரல் ஒட்டினால் அக்ரிலிக். கொஞ்சம் மங்கி அப்படியே நின்றால் ரெசின். அது அசிட்டோனில் உப்பும், வெடிக்கும், கரையாது.

அடுத்தது, ஊற்றிச் செய்ததா, இரண்டு பலகையைக் குடைந்து ஒட்டியதா? மேலிருந்து பார்த்தால் தெரியாது. கட்டியைப் பக்கவாட்டு முகம் வழியாகப் பாருங்கள். காசின் முகம் தெரியாமல் பாதரசம் மாதிரிப் பளபளத்தால் காசுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே காற்று இருக்கிறது, அதாவது ஒட்டியது. அந்த ஒட்டு வரியிலேயே வாளை ஓட்டினால் வேலை முடிந்தது. அப்படியும் காசு தெளிவாகத் தெரிந்தால் ஊற்றியது.

ஊற்றியதாக இருந்தால் முழுக்கட்டியையும் அசிட்டோனில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். மேல்தோல் கூழாகி, அந்தக் கூழே உள்ளே அசிட்டோன் போகாமல் தடுக்கும். கல்யாணம் கருமாதி எல்லாம் முடிந்துவிடும், காசு வராது. வாள்தான் வேலை செய்ய வேண்டும். அசிட்டோன் கடைசியில் துடைக்க மட்டும்.

கட்டியை ரப்பர் வைத்து வைஸில் (மேசையில் பொருத்துகிற இறுக்குப்பிடி) பிடித்து, அங்குலத்துக்கு 18 அல்லது 24 பல் உள்ள ஹேக்ஸா (இரும்பு அறுக்கிற வாள்) பிளேடால், காசின் ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டராவது தள்ளி அறுத்து ஒவ்வொரு காசையும் தனித் துண்டாக்குங்கள். வேகமாக அறுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி பல்லில் அப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் விட்டு நிதானமாக. அப்புறம் அந்தத் துண்டைப் பக்கவாட்டில் திருப்பி, காசின் கனம் எங்கே இருக்கிறதோ அந்த மட்டத்தில் நாலு பக்கமும் வெட்டு போடுங்கள். காசைத் தொட இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். வெட்டுக்குள் உளியை வைத்துத் திருகினால், காய்ந்த கொப்பரை ஓட்டை விட்டுக் கழன்று வருவதுபோல் மூடி விலகும். வழவழப்பான உலோகத்தை அக்ரிலிக் அவ்வளவாகப் பற்றாது.

ஃப்ரீசரில் வைத்தால் தானாகக் கழலும் என்று யாராவது சொல்வார்கள். குளிரில் பிளாஸ்டிக் வெள்ளியைவிட மூன்று நாலு மடங்கு அதிகம் சுருங்கும். அப்படியென்றால் காசை இன்னும் இறுக்கித்தானே பிடிக்கும்? வெட்டு போட்ட பிறகு வைத்தால் உளிக்குக் கொஞ்சம் சுலபமாக உடையும், அவ்வளவுதான்.

அமராவதிக் காசு:

கரூரிலிருந்து. பட்டறைக்காரர் சொன்னது சரி. சேகரிப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி: விற்பதற்கா எடுக்கிறீர்கள்? 1918 ரூபாய் நிறைய அடித்த காசு. 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். நல்ல நிலையில் இல்லையென்றால் வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. புலி நாலணா நிக்கல்.

உடைக்கும் முன்பே அசலா என்று ஓரளவு பார்க்கலாம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். நாலணாவுக்கு இழுக்க வேண்டும், வெள்ளி ரூபாய்க்கு அசையக் கூடாது. அசைந்தால் உள்ளே இருப்பது இரும்புப் போலி, வாளை எடுக்கவே வேண்டாம்.

வெளியே வந்தபிறகு தயவுசெய்து புளி, சாம்பல், விபூதி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளவென்று தேய்த்த காசை எந்தச் சேகரிப்பாளரும் மதிக்க மாட்டார்.

கொடுமுடிக்காரி:

ரொம்ப நன்றிங்க. பஞ்சுக் குச்சி ஒட்டியது, பக்கவாட்டில் காசு தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் ஊற்றிய அக்ரிலிக். காந்தமும் நாலணாவுக்கு மட்டும் திரும்பியது. விற்பதற்கில்லை. பெரிய மாமா வெள்ளி ரூபாயை மெல்போர்னில் இருக்கிற மகனுக்குக் கொடுத்தனுப்பப் போகிறாராம். இன்னொரு சந்தேகம், காலணாவின் ஓட்டைக்குள்ளும் அக்ரிலிக் இருக்குமே?

அமராவதிக் காசு:

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனி ஆட்கள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. 1918 அந்தக் கணக்கில் வந்துவிட்டது. விமான நிலையத்தில் மாட்டுவதற்குப் பதில் இங்கேயே இருக்கட்டும்.

கணபதிப் பட்டறை:

அப்படியானால் வெள்ளி ரூபாயைத் தொடவே வேண்டாமே. ஓட்டைக் காலணா ஓரத்தில் இருந்தால் அந்த மூலையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அப்புச்சி பெயரோடு மீதிக் கட்டியை அப்படியே வையுங்கள். அறுத்த முகத்தைத் தண்ணீர் விட்டு 400, 800, 1200 நம்பர் எமரித் தாளில் வரிசையாகத் தேய்த்து, துணிச் சக்கரத்தில் பஃப் அடித்து மெருகேற்றினால் பழையபடி பளிங்காகிவிடும். அந்த முகத்தில் அசிட்டோன் படவே கூடாது, முடிமுடியாக வெடித்துவிடும்.

ஓட்டைக்குள் இருப்பது மூடியைத் திருகும்போது வராது. இங்கேதான் அசிட்டோன். நகப்பூச்சு அழிப்பான் வேண்டாம், சிலவற்றில் அசிட்டோனே கிடையாது. ஃபைபர்கிளாஸ் சாமான் கடைகளில் பிரஷ் கழுவ விற்கிற அசிட்டோனை வாங்குங்கள். தகர மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் காசைச் சாய்த்து வைத்து மூழ்க ஊற்றுங்கள். கூழானதும் பழையதைக் கொட்டிப் புதிது மாற்றுங்கள். காலணாவின் வெண்கலத்தை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. ஓட்டையில் இருப்பது இளகியதும் மரப் பல்குச்சியால் தள்ளினால் வந்துவிடும், ஊசி ஆணி எதுவும் வேண்டாம்.

அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறை, சாமி விளக்குப் பக்கம் வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

வைஸ் இல்லையென்றால் கட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள், அறுத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். அசிட்டோன் ஜாடி மட்டும் உங்கள் மொட்டைமாடியிலேயே இருக்கட்டும். என் பட்டறையில் நாள் பூராவும் வெல்டிங் ஓடுகிறது.