சிக்குக் கோலத்துக்கு எஸ்விஜி பாதை: வட்டம் மறைகிறது, இழை முறிகிறது

கோலக்காரி (ரோஸ் ஹில்):
வணக்கம். மொரீஷியஸில் சாயங்காலத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். எழுத்துக்கு முன்னால் கோலம்தான் அவர்களுக்குக் கைவருகிறது. இங்கே பொங்கல் கோடை மழையில் வருவதால் வாசல் கோலம் மதியம்வரை தங்குவதில்லை. அதனால் திரையில் இழை தானாக ஓடிக் கோலம் போடுவதுபோல, எஸ்விஜியில் (கோடுகளைக் கட்டளைகளாக எழுதிப் படம் வரையும் முறை) ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஒன்று எழுதுகிறேன்.

முதல் சிக்கல்: வட்டம் வரைய ஒரு ஃபங்ஷன் எழுதினேன். வலது ஓரத்தில் தொடங்கி, வில் வரையும் ‘ஏ’ கட்டளையால் சுற்றி, அதே புள்ளிக்கு வருகிறேன். திரையில் ஒன்றுமே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. இரண்டாவது: புள்ளிகளுக்கு நடுவே ‘சி’ வளைவு போடுகிறேன். அதன் வளைவைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கண்மதிப்பாக வைத்ததால் சேருமிடமெல்லாம் முழங்கை மாதிரி மடிகிறது. அம்மா பார்த்துவிட்டு, “இழை முறிஞ்சிருக்கே” என்றார். இரண்டு நாளாக அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை.

வளைகோடு (காத்ர் போர்ன்):
டீச்சர், வட்டம் மறைவது விதிப்படிதான். வில்லின் தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளி என்றால் அந்தத் துண்டையே விட்டுவிட வேண்டும் என்று எஸ்விஜி சொல்கிறது. இரண்டு அரைவட்டமாகப் பிரித்தால் வந்துவிடும்.

ஆனால் கோலத்துக்கு வட்ட ஃபங்ஷனே வேண்டாம், ‘சி’யும் வேண்டாம். புள்ளிகளுக்கு இடையே 40 அலகு விடுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் 0,0 என்று வைத்து நான்கு பக்கத்துக்கும் ‘திறப்பு’ (இழை அடுத்த புள்ளிப் பக்கம் கடந்து போகும்) அல்லது ‘அடைப்பு’ (இழை இந்தப் புள்ளியையே சுற்றி வளையும்) என்று ஒரு மதிப்பு கொடுங்கள். 10,-10இல் தொடங்குங்கள். வலப்பக்கம் திறப்பு என்றால் ‘எல் 20 0 எல் 10 10’ (‘எல்’ நேர்கோடு போடும்). அடைப்பு என்றால் ‘ஏ 14.14 14.14 0 0 1 10 10’. மற்ற மூன்று பக்கமும் இதையே திருப்பிப் போடுவதுதான். எஸ்விஜியில் ‘ஒய்’ கீழ்நோக்கி வளரும், அதனால் அந்த 1 திரையில் கடிகார முள் திசை. அதை மாற்றினால் வில் உள்பக்கம் குழிந்துவிடும்.

14.14 என்பது 20ஐ 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. நேர்கோடு அந்த வட்டத்தைத் தொட்டுக்கொண்டே வருகிறது, அதனால் சேருமிடத்தில் மடிப்பு வராது. அடுத்த புள்ளியின் கோடும் அதே 45 பாகையில் வந்து எக்ஸ் மாதிரி குறுக்கே போகும். நான்கும் அடைப்பு என்றால் உங்கள் வட்டம் கால் காலாக வந்துவிடுகிறது.

மாக்கட்டி (பாம்ப்ளமூஸ்):
இதில் ஒன்று கவனியுங்கள். புள்ளி புள்ளியாக எழுதினால் பார்வைக்குச் சரி, ஆனால் இழை ஓடாது; தனித்தனித் துண்டாக வரும். துண்டுகளைப் பட்டியலில் வைத்து, ஒரு திறப்பில் நுழைந்து, குறுக்கே கடந்து, கிளம்பிய இடத்துக்கே வரும்வரை கோர்த்து ஒரே பாதையாக்குங்கள். பிறகு பாதையின் மொத்த நீளத்தைக் கேட்டு வாங்கி, விட்டுவிட்டு வரையும் கோட்டில் அந்த நீளத்துக்கு ஒரே கீற்றும் ஒரே இடைவெளியும் வைத்து நகர்த்தினால் கோடு தானாக ஓடும்.

கோலக்காரி:
வட்டம் வந்துவிட்டது, மடிப்பு போய்விட்டது! ஆனால் 3க்கு 3 வைத்து உள்பக்கம் எல்லாம் திறந்தேன். இழை ஒரு சுற்றிலேயே முடிந்து, பாதிக்கு மேல் மிச்சம் நிற்கிறது. கோர்ப்பதில் தப்போ?

மாக்கட்டி:
தப்பில்லை டீச்சர். உள்பக்கம் முழுக்கத் திறந்த செவ்வகத்தில், இரண்டு எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை இழை. 3க்கு 3 என்றால் மூன்று. 3க்கு 4 போட்டுப் பாருங்கள், ஒரே இழை.

கோலக்காரி:
போட்டேன். ஒரே இழை. அம்மா விரலைத் திரையில் வைத்துக் கூடவே ஓட்டிப் பார்த்தார். நாளை வகுப்பில் 4க்கு 5.