ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது, பேட்டரியும் சார்ஜ் ஆவதில்லை: எதை முதலில் சோதிப்பது?

அலைவாய் எழுதியது:

என்னிடம் இருப்பது சாவியால் ஸ்டார்ட் செய்யும் 40 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும்) மோட்டார். சில வாரங்களாகச் சாவியைத் திருப்பினால் சில நேரம் ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே வருகிறது. சில நேரம் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றி, ஒருவழியாக இயந்திரம் உயிர்பெறுகிறது. பேட்டரி புதியது, ஓய்வில் 12.7 வோல்ட் காட்டுகிறது. ஆனால் இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போதும் 12.4 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. இயந்திரம் சூடேறியபின் டாக்கோமீட்டரின் (இயந்திரத்தின் சுழற்சி வேகத்தைக் காட்டும் மீட்டர்) முள் அவ்வப்போது பூஜ்யத்துக்கு விழுந்து மீண்டும் எழுகிறது. இவை போதாதென்று, அலையில் படகு குலுங்கும்போது இயந்திரம் ஓரிரு முறை திடீரென அணைந்தும் போனது. ஸ்டார்ட்டர், ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்), ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துவது) ஆகிய மூன்றில் எதை முதலில் மாற்றுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

சுக்கான் எழுதியது:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஓய்வில் 12.7 வோல்ட் என்பது பேட்டரி நிறைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதன் மின்சாரம் ஸ்டார்ட்டர் வரை போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்லாது. கேபிளுக்குள் பெரும்பாலான இழைகள் அரித்துப் போய் ஓரிரண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டரில் முழு வோல்ட்டேஜ் தெரியும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. ஸ்டார்ட்டரோ நூறு ஆம்பியர் அளவில் கேட்கும் சாதனம். அந்தச் சுமை விழும்போதுதான் குறை வெளியே வரும். ஆகவே ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளப்பது ஒன்றே பயனுள்ள சோதனை.

முதலில் மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றி, பெட்ரோல் ஆவி தங்காதபடி காற்றோட்டம் இருப்பதை உறுதிசெய்யுங்கள். இயந்திரம் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி பிளக் கேபிள்களைக் கழற்றினால் அவற்றின் முனைகளை இயந்திரத்தின் உலோகத்தோடு இணைத்துவிடுங்கள். அவை அந்தரத்தில் தொங்கினால் தீப்பொறி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது, இக்னிஷன் காயிலும் பழுதாகலாம். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்) தண்டிலும் (அதன் மேல் மாட்டிய கிளாம்பில் அல்ல, ஈயத் தண்டிலேயே), மறுமுனையை இயந்திரத்தின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் குறை இருக்கிறது. இதே போல நேர்முனைத் தண்டிலிருந்து ஸ்டார்ட்டரின் முனை வரை அளந்து பாருங்கள். நடுவில் உள்ள சாலினாய்டின் (சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையிலும் தனியாக அளவெடுங்கள். பேட்டரியின் இரண்டு தண்டுகளுக்கு இடையே சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

நங்கூரம் எழுதியது:

சார்ஜ் ஆகாததைப் பற்றி ஒரு குறிப்பு. பல அவுட்போர்டுகளில் டாக்கோமீட்டருக்கான சமிக்ஞை, ஃப்ளைவீலுக்கு அடியில் உள்ள ஸ்டேட்டரின் சார்ஜிங் சுருளிலிருந்துதான் வருகிறது. அதனால் முள் விழும் நேரத்தில் சார்ஜும் இல்லையென்றால் டாக்கோமீட்டர் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்; ஸ்டேட்டர், ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் (ரெக்டிஃபையர் என்பது ஸ்டேட்டரின் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றுவது) அல்லது அவற்றின் இணைப்புகளில் ஒன்று தவறுகிறது. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டேட்டரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் (பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும்) பிரித்து, அவற்றுக்கிடையே ஓம் அளவு பாருங்கள். மிகக் குறைந்த மின்தடை காட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் இயந்திர உலோகத்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அடுத்து ரெக்டிஃபையரை மீட்டரின் டயோடு நிலையில் சோதியுங்கள்: மஞ்சளுக்கும் (பேட்டரிக்குப் போகும்) சிவப்புக் கம்பிக்கும் இடையே ஒரு திசையில் மட்டும் மின்சாரம் கடக்க வேண்டும். ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மாடல்களில் எந்த அளவு சரி என்பதை அந்த மோட்டாரின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இயந்திரம் ஓடும்போது மட்டும் பேட்டரி கேபிளைக் கழற்றிச் சோதிக்காதீர்கள். பழைய மோட்டார் வாகனங்களில் செய்யும் அந்த வழக்கம் இங்கே ரெகுலேட்டரைக் கொன்றுவிடும்.

பாய்மரம் எழுதியது:

திடீரென அணைவதை மற்ற இரண்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் மோட்டார் சி.டி.ஐ. இக்னிஷன் (மின்தேக்கியில் சேமித்த மின்சாரத்தால் தீப்பொறி உண்டாக்கும் முறை) கொண்டதாக இருந்தால், தீப்பொறிக்கான மின்சாரம் பெரும்பாலும் ஸ்டேட்டரில் உள்ள தனிச் சுருளிலிருந்து வரும். ஓடத் தொடங்கிய பின் அதற்குப் பேட்டரி தேவையில்லை. ஆனால் ஸ்டாப் கம்பி (இயந்திரத்தை அணைப்பதற்கான கம்பி) எங்காவது எர்த்தை, அதாவது இயந்திர உலோகத்தை, தொட்டாலே தீப்பொறி நின்றுவிடும். பாதுகாப்புக் கயிற்றின் (ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை அணைக்கும் கயிறு) சுவிட்ச், சாவி சுவிட்ச், கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும் கம்பிக்கட்டு ஆகியவற்றில் உரசித் தோல் தேய்ந்த இடத்தைத் தேடுங்கள்.

அலைவாய் எழுதியது:

சொன்னபடியே அளந்தேன். சுற்றும்போது பேட்டரித் தண்டுகளில் 11.1 வோல்ட், நேர்முனைப் பக்கம் இழப்பு 0.3, எதிர்முனைப் பக்கம் இழப்பு 1.8 வோல்ட். எர்த் கேபிளின் (எதிர்முனையை இயந்திரத்தோடு இணைப்பது) லக்கை, அதாவது முனை வளையத்தை, ஒட்டிய பிளாஸ்டிக் உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பாக இருக்கிறது. வெளியே அதன் அடையாளமே இல்லை. புதிய கேபிள் போட்டதும் ஸ்டார்ட்டர் உடனே சுற்றுகிறது. ஆனால் சார்ஜ் இன்னும் இல்லை: ஸ்டேட்டர் அளவுகள் சரியாக உள்ளன, ரெக்டிஃபையரில் ஒரு மஞ்சள் கம்பிக்கும் சிவப்புக்கும் இடையே இரண்டு திசையிலும் தொடர்பு இல்லை. கையேட்டின்படி அது பழுது. ஸ்டாப் கம்பி, கண்ட்ரோல் பெட்டியின் கூர்மையான விளிம்பில் உரசியிருந்தது; உறையிட்டுத் தள்ளிக் கட்டிவிட்டேன்.

சுக்கான் எழுதியது:

அப்படியானால் அந்த எர்த் கேபிளே ரெக்டிஃபையரையும் பதம் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடும்போது பேட்டரியின் தொடர்பு விட்டுவிட்டுப் போனால், ஸ்டேட்டர் தரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட்டேஜ் திடீரென எகிறும். ரெக்டிஃபையருக்குள் உள்ள டயோடு அதைத் தாங்காது. கேபிளை மாற்றாமல் ரெக்டிஃபையரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே வழியில் போயிருக்கும்.

புதிய கேபிள் வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளால் ஆனதா என்று பாருங்கள். வெறும் செம்பு உப்புக் காற்றில் மீண்டும் களிம்பேறும். லக்கின் கழுத்தில் உள்ளே பசை தடவிய சுருங்குகுழாயை மாட்டிச் சூடாக்கினால் நீர் இழைகளுக்குள் ஏறாது. பேட்டரியில் கையால் திருகும் சிறகு நட்டுகள் இருந்தால் எடுத்துவிட்டு நைலான் வளையமுள்ள நட்டுகளைப் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள், ஏனெனில் அதிர்வில் சிறகு நட்டு தளர்ந்தே தீரும். ரெக்டிஃபையரை மாற்றியதும், குளிர்விக்கும் நீர் பம்புக்குத் தண்ணீர் கிடைக்கும் நிலையில் இயந்திரத்தை ஓட்டி, வேகத்தைக் கூட்டும்போது பேட்டரியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள்.